சரிவு

நாற்பது சுவரொட்டி ஒட்டினோம்.
மறுநாள் பத்து மணிக்கு ஒருவழியாக விடிந்தபோது
புந்தா அரேனாஸில் மிச்சம் இரண்டு.
என் பெயரின் முதல் பாதி
யாருடைய வேனிலோ துடைப்பானுக்கு அடியில் சிக்கியிருந்தது:
எதெல்.
மிராவைக் காற்று
நீரிணைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோயிருக்கும்.

ஒத்திகை, மூடிப்போன ஆட்டிறைச்சி ஆலையில்.
காட்சியும் அங்கேதான்.
விட்டத்தில் கொக்கிகள் இன்னும் தொங்குகின்றன.
கோட்டுகளை அதில் மாட்டிவிட்டு
அண்ணன் தம்பியாகிச் சொத்துக்குச் சண்டை போடுவார்கள் இருவர்.
முதல் மூன்று வாரம் எல்லாம் கூடிவந்தது.
எனக்குப் பயமாக இருந்தது.
இரவில் படுத்துக்கொண்டு
எது முதலில் உடையும் என்று விரல்விட்டு எண்ணினேன்.
கதவை எண்ணவில்லை.

மேடையில் இருப்பதே ஒரு கதவு.
மூன்றாம் அங்கத்தில் அண்ணன் அதை அறைந்து சாத்திப் போகவேண்டும்.
அதற்கு முந்தைய நாற்பது பக்கமும்
அந்த ஒரு ஓசைக்காக எழுதியது.
த்ராகோ யுத்ரோனிச் கீலை மூன்று தரம் மாற்றினார்.
கதவு அறைந்து சாத்தும்;
கொஞ்சம் யோசிக்கும்;
பிறகு, விருந்தாளிக்குத் திறப்பதுபோல்,
மெதுவாகத் திறந்துகொள்ளும்.
"தரை சரிவு" என்றார் த்ராகோ.
"ரத்தம் வடிந்து ஓடக் கட்டிய தரை.
கதவைத் திட்டாதே."

ஜூலை பிறந்ததும் நண்டுப் பருவம்.
அண்ணனாக நடித்த பெலிசாரியோ
படகிலிருந்து செய்தி அனுப்பினான்:
இடம் கிடைத்துவிட்டது, நான்கு மாதம்,
மகளுக்குப் பல் கட்டவேண்டும், மன்னித்துக்கொள்.
பதினொரு பதில் எழுதினேன்.
ஒன்றில் அவன் வம்சத்தையே இழுத்திருந்தேன்.
அனுப்பியது: கையுறை மறக்காதே.

அன்று பெரிய பானையில் சூப் வைத்தேன்.
யாரும் வரவில்லை, நானும் குடிக்கவில்லை.
நகராட்சிக்கு எழுதிய கடிதம்
"தவிர்க்க முடியாத காரணங்களால்" வரை வந்து நின்றது.

நெல்தா ஒயார்சோ விளக்குக்காரி.
எட்டு வாரமாய் ஏணி உச்சியில் உட்கார்ந்து
மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தவள்.
"வசனம் எனக்குத் தெரியும்" என்றாள், இறங்காமலே.
"அது அண்ணன்."
"அக்காவாக்கு. சொத்து அக்காவுக்கு வேண்டாமா?"

"நான் போகிறேன்" என்ற வரியை
பெலிசாரியோ ஆலை அதிரக் கத்துவான்.
அவள் உப்பு கேட்பதுபோல் சொன்னாள்.
தம்பியாக நடிக்கும் ருபெர்த்தோவுக்கு
அடுத்த வரி மறந்துபோனது.
என் குறிப்பேட்டில் அந்த நாளின் பக்கம் வெறுமை.

மறுநாள் அதே வரியை மரக்கட்டையாய் ஒப்பித்தாள்.
ஏன் என்று கேட்கவேண்டாம்.
முந்தின இரவு அவள் கையைப் பிடித்து
அற்புதம், அற்புதம் என்றவள் நான்.
என் கண்ணே பட்டது.
அடுத்த இரண்டு வாரம்
காலணி பற்றி மட்டும் அவளிடம் பேசினேன்.

விளக்குக்கு வேறு ஆள் இல்லை. ஆகவே முதல் காட்சியன்று
ஏணி உச்சியில் நான்.
வழக்கமாக வெளியே பனியில் நடந்துகொண்டிருப்பேன்,
கைதட்டல் கேட்டால்தான் உள்ளே வருவேன்.
இருபது வருடப் பழக்கம்.
இன்று பார்த்தே ஆகவேண்டும்.
கீழே அறுபத்துமூன்று தலைகள்,
ஒருவரும் குல்லாயைக் கழற்றவில்லை.

நெல்தா சொன்னாள்.
உப்பா, மரக்கட்டையா,
இந்த உயரத்துக்குப் பிடிபடவில்லை.
கதவை அறைந்தாள்.
கொக்கிகள் ஆடின.
கதவு யோசித்தது.
திறந்தது.

போயிருக்கவேண்டியவள்
ஒரு கை கோட்டுக்குள் நுழைந்தும் நுழையாமலும்
அங்கேயே நிற்கிறாள், எல்லார் கண்ணுக்கும் முன்னால்.
என் விரல் விசைமேல்.
இருட்டாக்கு என்கிறது தொழில்.
ஐந்து. ஆறு. ஏழு.
நான்காம் வரிசையில் யாரோ சிரித்தார்,
உடனே இருமி அதை மறைத்தார்.
ஒத்திகையில் ஒருநாளும் சிரிப்பு வராத இடம்.

ருபெர்த்தோ அவளைப் பார்த்தான்.
எழுதாத எதையோ சொல்லப்போகிறவன்போல்
வாயைத் திறந்தான்.

விளக்கை நான் அணைக்கவில்லை.